பிரெஞ்சு கற்க இங்கிலீஷ் எதற்கு? மாகறல் பிள்ளைக்குத் தமிழே கைகொடுக்கும்!

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சாலையில் போனால், செய்யாற்றங்கரையில் வருகிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தலம். இந்த வட்டாரத்தில் எந்தச் சிவன் கோயிலுக்கு வரும் பிள்ளையையும் நவகிரகத்தின் முன் நிறுத்தி, 'இது யாரு? அது யாரு?' என்று கேட்டுப் பாருங்கள். சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று கடகடவெனச் சொல்லிவிடும். திங்கட்கிழமை ஏன் சோமவாரம், சோமன் என்றால் யார் என்பதுகூடப் பாட்டி சொல்லித் தெரிந்திருக்கும்.

இந்தப் பிள்ளைக்கு பிரெஞ்சு மொழியின் வாரநாள்களில் ஐந்து ஏற்கெனவே பாதி தெரியும். விஷயம் அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பிரெஞ்சில் நிலா 'லூன்'. திங்கட்கிழமை 'லந்தி'. செவ்வாய் கிரகம் 'மார்ஸ்', செவ்வாய்க்கிழமை 'மார்தி'. புதன் கிரகம் 'மெர்க்யூர்', புதன்கிழமை 'மெர்க்ரதி'. வியாழனுக்கு 'ஜெதி', அது ஜூபிடரின் நாள். வெள்ளிக்கு 'வாந்த்ரதி', அது வீனஸின் நாள். ஸ்பானிஷிலும் இதே கதை: லூனெஸ், மார்த்தெஸ், மியேர்கொலெஸ், ஹுவேபெஸ், பியெர்னெஸ். ரோமானியர்கள் கிரகங்களின் பெயரை நாள்களுக்கு வைத்தார்கள். நம் ஊரிலும் அதே கிரகங்கள், அதே வரிசை. சனியும் ஞாயிறும் மட்டும் இதில் சேராது. பிரெஞ்சு 'சம்தி'யும் ஸ்பானிஷ் 'சாபதோ'வும் யூதர்களின் ஓய்வு நாளான சபாத்திலிருந்து வந்தவை. ஞாயிறு அங்கே ஆண்டவரின் நாள்.

இங்கிலீஷில்? டியூஸ்டே முதல் ஃப்ரைடே வரை வட ஐரோப்பியக் கடவுள்களின் பெயர்கள். கிரகம் எதுவும் வெளியே தெரியாது.

இப்போது இணையத்திலிருந்து இறக்கி, ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கப்படும் ஒரு பிரெஞ்சு ஒர்க் ஷீட்டைப் பாருங்கள். இடது பக்கம் 'மண்டே, டியூஸ்டே, வெட்னஸ்டே'. வலது பக்கம் 'லந்தி, மார்தி, மெர்க்ரதி'. கோடு போட்டு இணைக்க வேண்டும். தமிழ் வழியில் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதலில் 'வெட்னஸ்டே' என்பதன் ஸ்பெல்லிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். அதைத் தாண்டினால்தான் மெர்க்ரதி. நேராக நடந்தால் பத்தடியில் இருக்கும் வீட்டுக்கு, ஊரைச் சுற்றிக் கூட்டிப்போவது மாதிரிதான் இது.

தாளும் போனும்தான் வகுப்பு

வசதியுள்ள நகரத்துப் பிள்ளைக்கு ஒர்க் ஷீட் ஒரு துணைப்பொருள். டீச்சர் இருக்கிறார், வகுப்பு இருக்கிறது, கூடவே ஒரு தாள். மாகறல் மாதிரி ஊரில் நிலைமை வேறு. அலையன்ஸ் பிரான்சேஸின் சென்னை மையம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. மாகறலிலிருந்து ஒரு பக்கத்துக்கே 80 கிலோமீட்டருக்கு மேல். 1889-ம் ஆண்டிலிருந்து இயங்கும் புதுச்சேரி அலையன்ஸ் பிரான்சேஸுக்குப் போய் வரவும் ஒரு நாள் ஆகும். ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வாண்டெஸின் மையமோ புதுடெல்லியில். இங்கே ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், அதன் கைக்கு எட்டுவது இரண்டுதான். ஜெராக்ஸ் கடையில் எடுத்த ஒரு தாள். அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய செல்போன்.

அதனால்தான் அந்தத் தாளில் என்ன இருக்கிறது, எந்த மொழியில் விளக்கம் இருக்கிறது என்பது முக்கியமாகிறது. இங்கிலீஷ் வாசிக்க வராத பிள்ளை, 'பிரெஞ்சு எனக்கு வராது' என்றே முடிவு கட்டிவிடும். வராதது பிரெஞ்சு அல்ல, விளக்கம் இருந்த இங்கிலீஷ்தான் என்று அதற்கு யார் எடுத்துச் சொல்வது?

ஒர்க் ஷீட் நம் பிள்ளைகளுக்குப் புதுசும் இல்லை. 2022-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பயிற்சி நூலில் வட்டமிட்டும் வண்ணம் தீட்டியும்தான் படிக்கிறார்கள். அந்தப் பழக்கத்தின் மேலேயே இன்னொரு மொழியை ஏற்றலாம். பள்ளி நேரத்தில் இடம் இருக்காதுதான். ஆனால், மாலையில் அரை மணி நேரம் கிடைக்கும்.

'டு' அல்ல, 'து'!

முதலில் உச்சரிப்பு. பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் 'டி' என்று நாம் சொல்லும் எழுத்து, இங்கிலீஷ் 'டி' போல ஒலிக்காது. நாக்கு நுனி மேல் பல்லைத் தொட வேண்டும். அதாவது, நம்ம 'த'. இங்கிலீஷ் வழியாக வரும் பிள்ளைகள் 'லண்டி, மார்டி' என்று படிப்பதைக் கேட்கலாம். தமிழில் 'லந்தி, மார்தி' என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அந்தப் பிரச்னையே எழாது. ஸ்பானிஷில் 'எல்லாம்' என்பதற்கு 'தோதோ'. 'டோடோ' என்றால் அது அழிந்துபோன பறவை.

அடுத்தது, எல்லோரும் பயப்படும் மூக்கொலி. பிரெஞ்சில் 'அன்', 'ஒன்' என்று முடியும் சொற்களில் கடைசி 'ன்' தனியாகக் கேட்காது, மூக்கில் கரைந்துவிடும். இதற்கென்று புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கம் கொடுக்கின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு ஒரே வரி போதும்: 'நான் வந்தேன்' என்று பேப்பரில் இருப்பதை நீ வீட்டில் எப்படிச் சொல்வாய்? 'நா' என்பதை மூக்கால் இழுத்து நிறுத்துகிறோம். நாக்கு 'ன்'னுக்காக மேலே போவதே இல்லை. பிரெஞ்சில் 'ஆண்டு' என்ற சொல்லின் ஒலி கிட்டத்தட்ட அதுதான். 'மரம்' என்பதை வீட்டில் 'மரோ' என்று மூக்கொலியோடு முடிக்கிறோமே, அந்தக் கடைசி ஒலிதான் 'போன்ஜூர்' என்பதன் முதல் பாதியில் வருகிறது. பேச்சுத்தமிழைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஸ்பானிஷில் 'என்' எழுத்தின் தலையில் ஒரு சின்ன அலை போட்டிருப்பார்கள். குழந்தைக்கு 'நீஞோ'. அன்னாசிப்பழத்துக்கு 'பீஞா'. இங்கிலீஷ்காரர்கள் 'என்-யா' என்று உடைத்து உடைத்துச் சொல்லிப் பழகுகிறார்கள். நம்மிடம் அதற்கென்றே 'ஞ' என்று ஓர் எழுத்து இருக்கிறது. பிரெஞ்சில் மலைக்கு 'மோன்தாஞ்'. அங்கேயும் அதே ஒலி.

தமிழ் எழுத்து எல்லாவற்றையும் தாங்கிவிடுமா? தாங்காது. பிரெஞ்சில் ரொட்டிக்கும் குளியலுக்கும் வித்தியாசம் முதல் எழுத்து மட்டும்தான். ஒன்றில் 'பல்' என்பதன் 'ப', இன்னொன்றில் 'பந்து' என்று பேச்சில் சொல்லும்போது அழுத்தி வரும் 'ப'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பிரெஞ்சில் மீனும் விஷமும் 'ஸ', 'ஸ்ஜ' போன்ற ஒரு சின்ன வித்தியாசத்தில் பிரிகின்றன. ஹோட்டலில் மாற்றிச் சொன்னால் சர்வர் முழிப்பார். ஆகவே, தாளில் தமிழ் உச்சரிப்பு இருந்தாலும், ஒவ்வொரு சொல்லையும் காதால் கேட்ட பிறகே வாயால் சொல்ல வேண்டும். செல்போன் தேவைப்படுவது இதற்குத்தான். கூகுள் டிரான்ஸ்லேட்டில் சொல்லைப் போட்டு ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் போதும். டிவி5மோண்ட் தொலைக்காட்சியின் தளத்தில் முதல்நிலை பிரெஞ்சுப் பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்கும்

இலக்கணத்தில்தான் தமிழ் நிஜமாகவே கலக்குகிறது.

'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பது ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் மாங்கோ'. இங்கே 'மே' என்றால் 'எனக்கு'. பிடிப்பது மாம்பழத்தின் வேலை, நமக்கு அது நடக்கிறது. அச்சு அசல் தமிழ் வாக்கியம். 'ஐ லைக் மேங்கோ' என்று யோசிக்கும் பிள்ளை 'ஐ' எங்கே என்று தேடும். உலகம் முழுக்க இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் கற்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. தமிழ்ப் பிள்ளைக்கு அங்கே தடுக்குவதற்கு எதுவுமே இல்லை.

வயதும் அப்படித்தான். 'ஐ ஆம் டென்' என்று இங்கிலீஷில் யோசித்து, பிரெஞ்சில் 'நான் பத்து' என்று எழுதிவைப்பது ஆரம்ப வகுப்புகளின் நிரந்தரத் தப்பு. பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் வயது 'இருக்கிறது'. பத்து வருஷம் என்னிடம் இருக்கிறது என்று சொல்வார்கள். பசியும் தாகமும்கூட அங்கே 'இருக்கும்' சமாசாரங்கள். 'எனக்குப் பத்து வயசு, எனக்குப் பசி' என்று சொல்லும் நாம், 'நான் பத்து' என்று ஒருபோதும் சொல்ல மாட்டோம்.

மரியாதைக்கு வருவோம். பிரெஞ்சில் நண்பனுக்கு 'து', டீச்சருக்கு 'வூ'. பலரைச் சேர்த்துக் கூப்பிடவும் அதே 'வூ'தான். நம்ம 'நீங்கள்' எப்படி மரியாதைக்கும் பன்மைக்கும் இரண்டு வேலை செய்கிறதோ, அப்படியே. ஸ்பானிஷில் நண்பனுக்கு 'தூ', பெரியவர்களுக்கு 'உஸ்தேத்'. இங்கிலீஷ் 'யூ'வில் இந்த வித்தியாசம் கிடையாது. அதனால்தான், 'யூ என்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு' என்று அந்தத் தாள்களில் பெட்டி கட்டி விளக்கம் போடுகிறார்கள். தமிழ்த் தாளில் 'து என்றால் நீ, வூ என்றால் நீங்க' என்று எழுதினால் தீர்ந்தது.

ஸ்பானிஷ் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தாலே பேசுவது யார் என்று தெரிந்துவிடும். 'ஆப்லோ' பேசுகிறேன், 'ஆப்லாஸ்' பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' பேசுகிறோம். 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'சாப்பிட்டேன்' என்று சொன்னால் நம் ஊரில் யாரும் 'யாரு?' என்று கேட்பதில்லையே. பிரெஞ்சில் அந்த வால் எழுத்தில் இருக்கிறது, காதுக்குக் கேட்காது. அதனால் அங்கே 'நான்' கட்டாயம். இரண்டு மொழிகளையும் ஒரே தாளில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பனி வேண்டாம், பட்டு போதும்

வெளிநாட்டு ஒர்க் ஷீட்களின் படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். பனிமனிதன், ஸ்ட்ராபெர்ரி, கணப்பு அடுப்பு. 'இன்று பனி பொழிகிறது' என்பதை வேலூர் வெயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை எப்போது சொல்லப்போகிறது?

காஞ்சிபுரம் வட்டாரத்தில் நிறம் சொல்லித்தரப் புடவையைவிட நல்ல படம் இல்லை. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் விசேஷமே உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதுதான். அந்த இரண்டையும் இணைக்கும் கோர்வை நெசவு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாத விஷயம். ஒரு தாளில் வெள்ளைப் புடவை ஒன்றை வரையுங்கள். உடல், கரை, முந்தி மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். பச்சைப் புடவை என்றால் பிரெஞ்சில் 'லெ சாரி எ வேர்'. கரை பச்சை என்றால் 'லா போர்தியூர் எ வேர்த்'. புடவை அங்கே ஆண்பால், கரை பெண்பால். பச்சையும் அதற்கேற்ப வால் முளைத்து 'வேர்த்' ஆகிறது. ஸ்பானிஷில் சிவப்புக்கு 'ரோஹோ', பெண்பாலில் 'ரோஹா'. மயில்கழுத்து நிறத்துக்கு பிரெஞ்சிலும் மயில் வருகிறது. 'ப்ளெ பான்', அதாவது மயில் நீலம்.

இதையே இரண்டு பேர் ஆடும் விளையாட்டாகவும் மாற்றலாம். ஒரு பிள்ளையின் தாளில் உடலுக்கு மட்டும் நிறம் இருக்கும், இன்னொரு பிள்ளையின் தாளில் கரைக்கும் முந்திக்கும் மட்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. கேட்டுத்தான் தீட்ட வேண்டும். ஸ்பானிஷில் கேள்வி, 'தெ கே கொலோர் எஸ்?' என்ன நிறம் என்று அர்த்தம். கோடு போட்டு இணைக்கும் தாளில் பிள்ளை வாயே திறக்காமல் முழு மார்க் வாங்கிவிடும். இதில் அது முடியாது. ஒரு தாளுக்கு எட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். ஐம்பது சொற்களை மூன்று தடவை எழுதச் சொல்வது கைவலிக்கான பயிற்சி.

பழங்களுக்கு ஒரு தாள் போடுங்கள். மாங்கோ, மாங்க் என்று ஸ்பானிஷும் பிரெஞ்சும் சொல்லும் பழத்தின் பெயர், நம் பக்கத்து 'மாங்கா' போர்த்துக்கீசியர் வாயில் ஏறி ஐரோப்பாவுக்குப் போனது. பதிலுக்கு, பப்பாளியும் கொய்யாவும் அன்னாசியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பெயரோடு நமக்கு வந்தன. ஸ்பானிஷில் 'பாபாயா', 'குவயாபா'. அன்னாசி பிரெஞ்சில் 'அனனா'. வகுப்பறைப் பொருள்களில் மேசைக்கு ஸ்பானிஷில் 'மேசா', அலமாரிக்கு 'ஆர்மாரியோ'. இவற்றை நமக்குத் தந்தது போர்த்துக்கீசியம், ஸ்பானிஷின் உடன்பிறப்பு. நம்மிடமிருந்து போனவையும் உண்டு. வெட்டிவேர் பிரெஞ்சில் 'வெத்திவேர்' ஆகி வாசனைத் திரவியக் கடைகளில் இருக்கிறது. கட்டுமரம் 'கத்தமரான்' ஆகிவிட்டது.

மார்க்குக்கு மட்டும்தானா?

தமிழ்நாட்டில் பிரெஞ்சு என்றதும் பெற்றோர் பலருக்கு நினைவுக்கு வருவது பிளஸ் ஒன் சேர்க்கை. மொழிப் பாடத்தில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது. 2006-ம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. பிளஸ் ஒன்னில் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. கேள்வி பதிலை உருப்போட்டு 95 மார்க் வாங்கிவிட்டு, புதுச்சேரித் தெருவில் ஒரு பிரெஞ்சுக்காரர் வழி கேட்டால் ஓடி ஒளிவதில் யாருக்கு லாபம்? தமிழை விட்டுவிட்டுப் போகிற வழியாகவே பிரெஞ்சைப் பார்த்துப் பழகிவிட்டோம். தமிழைப் பிடித்துக்கொண்டே அங்கே போகலாம் என்பதை யாரும் சொல்வதில்லை.

பிரான்ஸிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. பாரீஸின் லா ஷாப்பெல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சும் வீட்டில் தமிழும் பேசுகிறார்கள். வார இறுதியில் தமிழ்ச்சோலைப் பள்ளிகளில் அ, ஆ எழுதுகிறார்கள். அங்கே இரண்டு மொழிக்கும் நடுவில் இங்கிலீஷுக்கு வேலையே இல்லை.

வேலைவாய்ப்பு? ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை, ஒரகடத்தில் ரெனோ கார் தொழிற்சாலை. இரண்டும் பிரெஞ்சு நிறுவனங்கள், இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஆனால், நாலு ஒர்க் ஷீட் முடித்தால் அங்கே வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறு வயதில் தொடங்கியவர்கள் பின்னாளில் மொழிபெயர்ப்பு, சுற்றுலா வழிகாட்டி, வெளிநாட்டுப் படிப்பு என்று போகலாம். அதற்கு வருஷக்கணக்கில் படிக்க வேண்டும். பிள்ளைகளுக்கென்றே பிரெஞ்சில் 'டெல்ஃப் ப்ரிம்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. 7 முதல் 12 வயது வரை, ஏ1.1, ஏ1, ஏ2 என மூன்று நிலைகள். ஸ்பானிஷில் 11 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'டெலே' பள்ளித் தேர்வு. அவசரமில்லை. ஆசை இருந்தால் எழுதலாம்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் கையை விரித்துவிடும். நாற்காலி ஏன் பெண், புத்தகம் ஏன் ஆண்? நமக்கு இரண்டும் அஃறிணை. ஸ்பானிஷில் 'ஓ' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், 'ஆ' என்றால் பெண்பால் என்று ஓரளவு தப்பிக்கலாம். கை என்று பொருள்படும் 'மானோ' அதிலும் ஏமாற்றும், அது பெண்பால். பிரெஞ்சில் அந்த அளவுக்குக்கூடத் துப்புக் கிடைக்காது. முதல் நாளிலிருந்தே ஆண்பாலை நீலப் பேனாவிலும் பெண்பாலைச் சிவப்புப் பேனாவிலும் எழுதவைப்பதுதான் பல ஆசிரியர்கள் செய்வது. சொல்லை மட்டும் தனியாக எழுதவே கூடாது, முன்னால் 'லெ'யோ 'லா'வோ ஒட்டிக்கொண்டே வர வேண்டும்.

முதல் தாளின் கடைசி வரி எப்போதும் பெயரும் ஊரும்தான். 'மாகறலில் வசிக்கிறேன்' என்பதற்கு பிரெஞ்சில் 'ஜாபித் ஆ மாகறல்'. ஸ்பானிஷில் 'வீவோ என் மாகறல்'. செல்போன் பெயர் மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஸ்பானிஷ்காரர் அதை 'பீபோ' என்றுதான் சொல்வார். எழுதும்போது ஒரு சந்தேகம் வரும். ஸ்பானிஷில் ஒற்றை ஆர் மெல்லிய ஒலி, இரட்டை ஆர் உருட்டி வரும் ஒலி. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்று உருட்டினால் 'நாய்'. நம்ம சின்ன ர, பெரிய ற மாதிரி. அப்படியானால், மாகறலுக்கு எத்தனை ஆர் போட வேண்டும்? பெரிய 'ற' போட்ட ஊர்க்காரப் பிள்ளைகளையே கேளுங்கள். இரண்டு என்பார்கள்.